கேஷில் இருக்கும் எண்ணுக்கு எத்தனை வயது?



இந்த முறை எபிசோடில் மொனிட்டரிங் பற்றிக் கதைக்கேக்க, "ஏஜென்ட் தரவைக் கேஷ் பண்ணி வைத்திருக்கும், அதில கவனமா இருங்கோ" என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டேன். ஒரு வசனத்தில் முடிகிற கதை இல்லை அது. அதனால் இந்த மடல் முழுக்க அதுதான். இன்ஃபோர்மாட்டிக் லேர செய்கிற ஆக்களுக்கும் யூனியில் நெட்வேர்க் பாடம் எடுக்கிற ஆக்களுக்கும் நேரடியாகப் பயன்படும். மற்ற ஆக்களும் வாசிக்கலாம். கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரு கணக்கோடு தொடங்குவம்.

ஒரு சேர்வருக்கு 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது. அதில் ஒரு பெரிய ஃபைல் சீராக இறங்கிக்கொண்டிருக்கிறது. வினாடிக்கு 80 மெகாபிட், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்காணிக்கிற சேர்வர் 10 வினாடிக்கு ஒருக்கா வந்து "இதுவரை எத்தனை பைட் வந்தது?" என்று கேட்டு கிராஃப் கீறுகிறது. 80இல் ஒரு நேர்கோடு வரவேணும். வருவது என்ன தெரியுமா? 0, 160, 0, 160, 0, 160. வாளின் பல்லு மாதிரி.

100 மட்டுமே கொள்ளுகிற குழாயில் 160 எப்படிப் போகும்? போகாது. இணைப்பில் பிழை இல்லை, கேர்னல் எண்ணியதிலும் பிழை இல்லை. இடையில் ஒரு கேஷ் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏஜென்ட் ஏன் கேஷ் வைத்திருக்குது?

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பம். எஸ்என்எம்பி என்ற நெறிமுறையின் முதல் ஆர்எஃப்சி வந்தது 1988இல். உங்களில் பலருடைய பெற்றோர் அப்போது இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் இன்றைக்கும் ரவுட்டர், சுவிட்ச், பிரிண்டர், யூபிஎஸ் எல்லாம் அதில்தான் பதில் சொல்கின்றன. லினக்ஸ் சேர்வரில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நெட்-எஸ்என்எம்பி. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கோடில் தொடங்கி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெஸ் ஹார்டேக்கர் கையில் வளர்ந்தது. இந்த மடலில் "ஏஜென்ட்" என்று நான் சொல்லுவது அதைத்தான்.

கண்காணிக்கிற சேர்வர் யூடிபி 161 ஆம் போர்ட்டில் கேள்வி கேட்கும், ஏஜென்ட் பதில் சொல்லும். ஒரு அட்டவணையை முழுசாக வாங்கவேண்டும் என்றால் "இதுக்கு அடுத்தது என்ன?" என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே போகும். இன்டர்ஃபேஸ் அட்டவணையில் 22 நிரல்கள் உண்டு. டொக்கர் ஓடுகிற சேர்வரில் 48 இன்டர்ஃபேஸ் இருப்பது பெரிய விசயம் இல்லை. 48ஐ 22ஆல் பெருக்கினால் 1,056 கேள்விகள்.

இப்ப ஏஜென்ட் பக்கம் பாருங்கோ. இந்த எண்களெல்லாம் அதனுடையவை அல்ல, கேர்னலுடையவை. கேர்னல் அவற்றை ப்ராக் ஃபைல்கள் வழியாகவும் வேறு அழைப்புகள் வழியாகவும் தருகிறது. அந்த ஃபைலைத் திறந்தால் 48 இன்டர்ஃபேஸின் வரிகளும் சேர்ந்துதான் வரும், ஒன்றை மட்டும் தா என்று கேட்க முடியாது. கேஷ் இல்லாவிட்டால் 1,056 கேள்விக்கும் 1,056 தரம் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு தரமும் 48 வரியை வாசித்து, அதில் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறியவேண்டும். 50,688 வரி வாசித்து 1,056 எண். பிறகு வந்த கெட்-பல்க் முறையில் ஒரே பாக்கெட்டில் கனக்கக் கேட்கலாம், உண்மைதான். ஆனால் அது குறைப்பது பாக்கெட்டின் எண்ணிக்கையை. உள்ளே தேடுகிற வேலை அப்படியே இருக்கும்.

தமிழ்க் கடையை நினைத்துக்கொள்ளுங்கோ. வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் வந்திருக்கிறது, போன் அடித்தபடியே இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் கல்லாவில் நிற்கிற அண்ணை எழும்பிப் பின்னால் குளிரறைக்குப் போய் எண்ணிவிட்டு வந்தால் கடை நடக்காது. ஒருதரம் போய்ப் பார்த்து, ஒரு துண்டில் "40 கட்டு" என்று எழுதிக் கல்லாவில் ஒட்டுவார். அடுத்த கால் மணித்தியாலத்துக்கு யார் கேட்டாலும் துண்டைப் பார்த்துப் பதில். அந்தத் துண்டுதான் கேஷ். கால் மணித்தியாலம் அதன் ஆயுள்.

துண்டினால் இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கேஷில் ஏற்றும்போது 48 இன்டர்ஃபேஸும் ஒரே நேரத்தில் படம் பிடித்த மாதிரி உள்ளே வருகின்றன. கேஷ் இல்லாமல் ஒவ்வொன்றாக வாசித்தால் முதல் வரி ஒரு நேரத்தினது, கடைசி வரி அதற்குப் பிந்திய நேரத்தினது. இடையில் ஒரு கன்டெய்னர் செத்து அதன் இன்டர்ஃபேஸ் காணாமல் போனால் அட்டவணை பாதி பழசு, பாதி புதுசாக வந்து சேரும். (கேஷின் ஆயுளைவிட அட்டவணையை வாங்க எடுக்கிற நேரம் கூடினால் இந்த நன்மையும் போய்விடும். நடுவில் புதுத் துண்டு ஒட்டப்பட்டுவிடும்.)

எனவே கேஷ் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் இந்த ஏஜென்ட் ஓடாது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: துண்டில் "40 கட்டு" என்று இருக்கிறது, எத்தனை மணிக்கு எண்ணியது என்று இல்லை. போனில் கேட்கிறவருக்கு அது தெரியவே வராது.

0, 160 எப்படி வந்தது?

கேஷின் ஆயுள் 15 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கோ. சீராக 80 மெகாபிட் என்றால் வினாடிக்கு 10 மெகாபைட். யாரும் கேட்கும்போது துண்டு பழசாக இருந்தால் மட்டும் ஏஜென்ட் புதிதாக வாசிக்கிறது.

0 ஆவது வினாடியில் முதல் கேள்வி. புதிதாக வாசிக்கிறது. அதைத் தொடக்கப்புள்ளியாக எடுப்பம். 10 ஆவது வினாடியில் அடுத்த கேள்வி. துண்டின் வயது 10, இன்னும் 15 ஆகவில்லை. அதே பழைய எண்ணைத் தருகிறது. கண்காணிக்கிற சேர்வர் இரண்டையும் கழிக்கிறது, 0. "10 வினாடியாக ஒன்றுமே வரவில்லை" என்று கீறுகிறது. 20 ஆவது வினாடியில் துண்டின் வயது 20. புதிதாக வாசிக்கிறது, 200 மெகாபைட் கூடியிருக்கிறது. கண்காணிக்கிற சேர்வர் 200ஐ 10 வினாடியால் வகுக்கிறது. வினாடிக்கு 20 மெகாபைட், அதாவது 160 மெகாபிட். 30இல் மறுபடி 0. 40இல் மறுபடி 160.

20 வினாடிக்குரிய பைட்டை 10 வினாடியால் வகுத்தது. முழுக் கதையும் இந்த ஒரு வகுத்தலுக்குள்தான்.

சில கேஷ்கள் யாரும் கேட்காவிட்டாலும் டைமர் வைத்துத் தாங்களாகவே 15 வினாடிக்கு ஒருக்காப் புதுப்பிக்கும். நெட்-எஸ்என்எம்பியில் இரண்டு விதமும் செய்ய வசதி இருக்கிறது. டைமர் என்றால் அதே 10 வினாடிக் கேள்விக்கு 0, 120, 120, 0, 120, 120 என்று வரும். கிராஃபின் பல்லைப் பார்த்தே உள்ளே எந்த விதமான கேஷ் இருக்கிறது என்று ஊகிக்கலாம். எனக்கு இது ஒரு சின்னச் சந்தோசம்.

சராசரி எடுத்துப் பாருங்கோ: 0, 160 இரண்டின் சராசரி 80. 0, 120, 120 மூன்றின் சராசரியும் 80. ஒரு பைட்டும் தொலையவில்லை. மொத்தம் சரி, வேகம்தான் பொய். மாசக் கடைசியில் எவ்வளவு டேட்டா போனது என்று பார்க்கிறவருக்கு இந்தக் கேஷால் ஒரு கேடும் இல்லை. அலாரம் வைத்திருக்கிறவருக்குத்தான் கேடு.

நான் கொன்ட்ராக்டில் போன ஒரு இடத்தில் இதே பல்லு விழுந்த கிராஃபை வைத்து இரண்டு கிழமையாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நெட்வேர்க் ஆக்களுக்கு "இணைப்பு விட்டு விட்டு அறுபடுது". அப்ளிகேஷன் ஆக்களுக்கு "இணைப்பு நிரம்பி வழியுது". இரண்டு பக்கமும் ஒரே கிராஃபைத்தான் காட்டினார்கள், ஒருவர் 0ஐ, மற்றவர் உச்சத்தை. பெரிய இணைப்புக்கு விலை கேட்டு, கையெழுத்துப் போடுகிற கட்டம். அவர்களுடைய இணைப்பின் கொள்ளளவையும் கிராஃபின் உச்சத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அறை அமைதியாகிவிட்டது. குழாயின் அளவைவிடக் கூடிய எண் வந்தால் குழாயைச் சந்தேகிக்காதேங்கோ, அளக்கிற கோலைச் சந்தேகியுங்கோ.

இவ்வளவு காலமும் ஏன் யாருக்கும் இது தெரியவில்லை? காரணம் பழைய 5 நிமிடப் பழக்கம். 1995இல் எம்ஆர்டிஜி என்ற கிராஃப் கீறும் கருவி வந்தது. எழுதியவர் டோபியஸ் ஓட்டிக்கர், எங்கட சுவிஸ்காரர்தான். அப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்த பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை, முழு வளாகத்துக்கும் 64 கிலோபிட் இன்டர்நெட் இணைப்பு. 64 கிலோ, மெகா இல்லை! அந்தக் கருவி 5 நிமிடத்துக்கு ஒருக்காக் கேட்கும். பின்னால் வந்த கனக்கக் கருவிகளும் அதே 5 நிமிடத்தைப் பிடித்துக்கொண்டன. 300 வினாடிக்கு 15 வினாடி என்பது 5 சதவீதம். 80க்குப் பதிலாக 76 அல்லது 84 என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்ப எல்லாரும் 10 வினாடி, 5 வினாடி என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். கேட்கிற வேகம் கூடிவிட்டது, துண்டின் ஆயுளை யாரும் மாற்றவில்லை.

இன்னொருவரும் கேட்டால்?

இது கொஞ்சம் நுணுக்கமான இடம். ஆறுதலாக வாசியுங்கோ.

நீங்கள் 60 வினாடிக்கு ஒருக்காக் கேட்கிறீர்கள், கேஷின் ஆயுள் 15. கேட்டால்தான் வாசிக்கிற விதமான கேஷ். நீங்கள் தனி ஆளாகக் கேட்டால் ஒவ்வொரு தரமும் துண்டு பழசாகியிருக்கும், ஒவ்வொரு தரமும் புது எண் கிடைக்கும். கிராஃப் சுத்தம்.

இப்ப செக்யூரிட்டி குழு தங்கட கருவி ஒன்றையும் அதே சேர்வரில் பூட்டுகிறது. அதுவும் கேட்கத் தொடங்குகிறது, தன்ர நேரத்துக்கு. நீங்கள் கேட்பதற்கு 14 வினாடி முந்தி அது கேட்டிருந்தால் அப்போது எழுதிய துண்டுதான் உங்களுக்கும் கிடைக்கும். அடுத்த முறை அப்படி நடக்காவிட்டால் புது எண். ஆக நீங்கள் 60 வினாடி என்று நினைக்கிற இடைவெளி உண்மையில் 45இலிருந்து 75 வரை எதுவாகவும் இருக்கலாம். 80 மெகாபிட் என்பது ஒருதரம் 60 என்றும் இன்னொருதரம் 100 என்றும் தெரியும். உங்கட பக்கம் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நேற்று சுத்தமாக இருந்த கோடு இன்றைக்கு நடுங்குது. இப்படி ஒரு பிழையைத் தேடிப் பிடிக்க எத்தனை நாள் போகும் என்று யோசியுங்கோ!

புத்தகப் படிப்பு நல்லாகத் தெரிந்த ஆக்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள்: "அதே பாக்கெட்டில் சிஸ்-அப்டைமையும் கேட்டு, அந்த நேரத்தால் வகுத்தால் சரிதானே?" நல்ல பழக்கம்தான், விடாதேங்கோ. பாக்கெட் வழியில் தாமதித்தால் அது காப்பாற்றும். கேஷிலிருந்து காப்பாற்றாது. சிஸ்-அப்டைம் கேஷில் இருந்து வருவதில்லை, பதில் எழுதுகிற கணத்தில் கணிக்கப்படுகிறது. கவுண்டர் பழசு, மணிக்கூடு புதுசு. துண்டில் இருக்கிற 40 கட்டைச் சொல்லிவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லுகிற மாதிரி.

32-பிட் கவுண்டர் பாவிக்கிற ஆக்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1 கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் அந்தக் கவுண்டர் 34 வினாடியில் ஒரு சுற்று முடித்து 0இலிருந்து தொடங்கும். 30 வினாடிக்கு ஒருக்காக் கேட்டால் பயமில்லை என்று தோன்றும். கேஷின் 15ஐயும் கூட்டுங்கோ, உண்மையான இடைவெளி 45 வரை போகலாம். ஒரு முழுச் சுற்றே கணக்கில் வராமல் போய்விடும். 64-பிட் கவுண்டருக்கு மாறுங்கோ, அதற்கு வேறு மருந்து இல்லை.

அப்ப என்ன செய்யலாம்?

முதலில் உங்கட ஏஜென்டில் எந்தெந்த அட்டவணைக்கு எவ்வளவு ஆயுள் என்று பாருங்கோ. நெட்-எஸ்என்எம்பி இதை ஒளிப்பதில்லை. என்எஸ்-கேஷ்-டேபிள் என்றொரு அட்டவணையையே வைத்திருக்கிறது. அதை எஸ்என்எம்பி-வாக் கட்டளையால் வாங்கினால், எது கேஷில் இருக்கிறது, எத்தனை வினாடிக்கு, இப்போது அது உயிரோடா காலாவதியா என்று வரிசையாக வரும். எழுத அனுமதி இருந்தால் ஆயுளை அங்கேயே மாற்றலாம். இப்படி ஒரு வசதி இருப்பது வருசக்கணக்காக இதில் வேலை செய்கிறவர்களுக்கே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவுக்கு மாற்றுவது? என்ர கணக்கு இது: ஆயுளைக் கேட்கிற இடைவெளியால் வகுங்கோ. வருவது நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டிய பிழை. 60 வினாடிக்கு ஒருக்காக் கேட்டு 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றால் ஆயுள் 3 வினாடிக்கு மேல் போகக்கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் 0 ஆக்கிப்போடாதேங்கோ. இன்டர்ஃபேஸ் அட்டவணை சின்னது, அடிக்கடி வாசிக்கலாம். ரவுட்டிங் அட்டவணை அப்படி இல்லை. முழு இன்டர்நெட்டின் ஐபிவி4 பாதைகளையும் வைத்திருக்கிற மெஷினில் அது 9 லட்சம் வரியைத் தாண்டும். இந்த ஏஜென்ட் ஒரே த்ரெட்டில் ஓடுகிறது. அந்த 9 லட்சத்தையும் ஏற்றி முடியும்வரை மற்ற எல்லாக் கேள்வியும் வாசலில் நிற்கும். எஸ்என்எம்பி கட்டளைகள் சாதாரணமாக 1 வினாடி பார்க்கும், பதில் இல்லாவிட்டால் திருப்பிக் கேட்கும், 5 தரம்வரை. திருப்பிக் கேட்பதும் அதே வரிசையில்தான் போய் நிற்கும். கேஷை எடுத்த கையோடு மெஷின் செத்ததாக அலாரம் அடிக்கும். மெஷின் சாகவில்லை, எண்ணிக்கொண்டு நிற்குது.

இதே காரணத்தால் ஒரு கேடு டிஸ்க் பக்கமும் உண்டு. தூரத்து என்எஃப்எஸ் சேர்வர் ஒன்று தொங்கிவிட்டால், டிஸ்க் அட்டவணையை ஏற்றப் போன ஏஜென்டும் அதோடு சேர்ந்து தொங்கும். அதைத் தவிர்க்க, டிஸ்க் கணக்கில் என்எஃப்எஸ்ஸை விட்டுவிடச் சொல்லும் ஒரு வரி கொன்ஃபிக் ஃபைலில் எழுதலாம்.

ப்ரொமீதியஸ் உலகம் இந்த விசயத்தில் எனக்குக் கூடப் பிடிக்கும். கேட்கும்போது வாசி, முந்தியே வாசித்து வைக்காதே என்பது எக்ஸ்போர்ட்டர் எழுதுகிற ஆக்களுக்கு அவர்கள் சொல்லும் அறிவுரை. வாசிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும் என்றால் கேஷ் பண்ணலாம், ஆனால் அந்த மெட்ரிக்கின் விளக்கத்தில் அதைச் சொல்லிவிடவேண்டும். நோட்-எக்ஸ்போர்ட்டரில் நாங்கள் ஃபைலில் எழுதி வைக்கிற எண்களைத் தருகிற ஒரு பகுதி இருக்கிறது. அது எண்ணோடு சேர்த்து, அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதையும் தனி மெட்ரிக்காகத் தருகிறது. துண்டில் "40 கட்டு, 3 மணி 10" என்று எழுதிய கடைக்காரர். பழசைத் தருவது குற்றமில்லை, பழசைப் புதுசு மாதிரித் தருவதுதான் குற்றம்.

நீங்களே ஏஜென்ட் எழுதப்போகிறீர்கள் என்றால், எண்ணை வைக்கிற அதே இடத்தில் அதை வாசித்த நேரத்தையும் வையுங்கோ. வயதைக் கணிக்கச் சுவர் மணிக்கூட்டைப் பாவிக்காதேங்கோ, மொனொட்டொனிக் கிளொக்கைப் பாவியுங்கோ. என்டிபி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினால், 15 வினாடி வாழவேண்டிய துண்டு ஒரு மணித்தியாலம் வாழும். இன்னொன்று, புதிதாக வாசிப்பது தோற்றால் பழைய எண்ணையே சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது. அறுந்துபோன இணைப்பு கிராஃபில் சுகமாக இருக்கிற மாதிரித் தெரியும். பிழை என்று சொல்லுங்கோ, இடைவெளி விழட்டும். கிராஃபில் ஓட்டை இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். நேர்கோட்டை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் செய்து பாருங்கோ

ராஸ்பெரி பை ஒன்றோ பழைய லாப்டொப் ஒன்றோ போதும். நெட்-எஸ்என்எம்பி போட்டு, எக்ஸ்டென்ட் என்ற வசதி மூலம் நெட்வேர்க் கார்ட்டின் வந்த பைட் எண்ணிக்கையைத் தருகிற ஒரு கட்டளையைச் சேருங்கோ. எண், சிஸ் டைரக்டரிக்குள் உங்கட கார்ட்டின் பெயருக்குக் கீழே, ஆர்எக்ஸ்-பைட்ஸ் என்ற ஃபைலில் இருக்கும். எக்ஸ்டென்டுக்கு ஒரு கேஷ் தானாகவே உண்டு. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அதன் ஆயுள் 5 வினாடி. இன்னொரு மெஷினிலிருந்து ஐபெர்ஃப்3 மூலம் 80 மெகாபிட்டுக்குச் சீராக அனுப்புங்கோ. பிறகு 2 வினாடிக்கு ஒருக்காக் கேட்டு, கழித்து, 2ஆல் வகுத்து, எட்டால் பெருக்கி எழுதிக்கொண்டு வாருங்கோ.

ஓடவிடுவதற்கு முந்தி என்ன வரிசை வரும் என்று பேப்பரில் போட்டுப் பாருங்கோ. கேள்விகள் 0, 2, 4, 6 ஆவது வினாடிகளில், துண்டின் ஆயுள் 5. பேப்பரில் 0, 0, 240 வந்திருந்தால் சரி. மெஷினில் 240க்குக் கொஞ்சம் மேலே வந்தால் பயப்படாதேங்கோ, ஐபெர்ஃப் தன்ர தரவை மட்டும் எண்ணும், கார்ட் பாக்கெட்டின் தலைப்புகளையும் சேர்த்து எண்ணும்.